மூன்று விரலும் மிளகாய்த்தூளும்

1. "நீங்கள்தான் என் ஆமிஷ்!"

என் முதல் நாள் வேலை ஒரு கூச்சலோடு தொடங்கியது. நான் கதவைத் தட்டுவதற்கு முன்பே உள்ளேயிருந்து ஒரு பெண், "வந்திட்டியா? வா, வா, கெதியா வா!" என்றார். அவர்தான் தொத்தோரெஸா. இத்தாலியின் பலெர்மோ நகரில் பெண் டாக்டர்களை எல்லோரும் அப்படித்தான் அழைப்பார்கள். நான் கடைசிவரை அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. காலையில் சின்யோரா என்று அழைக்கும் ஒரு இத்தாலிய அம்மாவின் வீட்டில் துப்புரவு வேலை, பின்னேரங்களில் கால்சாப் பகுதியில் இருந்த அந்தச் சிறிய கிளினிக்கில் தமிழ் ஆட்களுக்கு மொழிபெயர்ப்பு. பல்லரோ சந்தையில் மீன்காரர்களோடு சண்டை பிடித்தே இத்தாலியன் படித்தவள் நான். அந்தத் துணிச்சல் ஒன்றுதான் என் தகுதி. தொத்தோரெஸா இத்தாலியனில் சொன்னதையெல்லாம் எங்கள் தமிழில் சொல்லிச் சொல்லி, இன்றைக்கும் என் ஞாபகத்தில் அவர் யாழ்ப்பாணத் தமிழ்தான் கதைக்கிறார். இந்தக் குறிப்பிலும் அப்படியே கதைப்பார். இப்போது அங்கே மொழிபெயர்க்கப் போகும் பிள்ளைகள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் கொஞ்சக் காலம் அமெரிக்காவில் இருந்துவிட்டு வந்தவர். அங்கே ஆமிஷ் என்று ஒரு கூட்டம் இருக்கிறதாம். குதிரை வண்டியில்தான் போவார்களாம், வீட்டுக்குக் கரண்ட் எடுக்க மாட்டார்களாம், தோட்டத்தில் முறிந்து வேலை செய்வார்களாம், அநேகமானவர்கள் சிகரெட் பக்கமே போக மாட்டார்களாம். அவர்களுக்குள் புற்றுநோய் குறைவு என்று அங்கே கதைத்தார்களாம். ஏன் குறைவு என்று யோசித்து யோசித்து இவருக்கு நித்திரை இல்லை.

"இஞ்சை வந்து பாத்தா நீங்கள்! உங்கட ஆக்களுக்குள்ளயே கலியாணம், உங்கட சாப்பாடு, எல்லா இடத்துக்கும் நடை. நீங்கள்தான் என்ர ஆமிஷ்!" என்று மேசையில் தட்டினார்.

குதிரை வண்டி இல்லாத குறை மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் எனக்கும் சந்தோஷப் புளுகம் தாங்கவில்லை. வேலைக்காரர்கள், அகதிகள் என்றே கேட்டுப் பழகிய காதுக்கு, எங்களிடமும் படிக்க ஏதோ இருக்கிறது என்று ஒருவர் சொன்னது பெரிய விஷயம்.

2. ஒருவரும் புகைப்பதில்லை

காய்ச்சலுக்கும் நாரிப்பிடிப்புக்கும் வருகிற எங்கள் ஆட்களிடம் அவர் கேள்வி கேட்பார், நான் தமிழில் கேட்பேன்.

"சிகரெட் பத்துவியளோ?"

"சீச்சீ, அந்தப் பழக்கமே இல்லை."

"குடிப்பியளோ?"

"இல்லை." இந்தப் பதில் வரும்போது பக்கத்தில் இருக்கும் மனைவி கூரையைப் பார்ப்பார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை மரக்கறி. விரதங்கள். பலெர்மோவின் காவல் புனிதை சந்தா ரொசாலியாவுக்கு நேர்த்தி வைத்து, சைவக்காரர்களாகிய நாங்கள் வெறுங்காலோடு அவருடைய மலை ஏறுவது. எல்லாம் கேட்கக் கேட்கத் தொத்தோரெஸாவின் முகம் மலர்ந்தது. ஒன்றில் மட்டும் சுருங்கியது. நோய் வருத்தம் வந்தால் வருகிறார்களே தவிர, சும்மா ஒருக்கால் பார்த்துக்கொள்வோம் என்று ஒருவரும் வருவதில்லை.

"புற்றுநோயோ? எங்களுக்கு அது வராது" என்பதுதான் எல்லோருடைய பதிலும்.

"குறைவெண்டா இல்லையெண்டு அர்த்தமில்லை" என்பார் தொத்தோரெஸா. "ஆமிஷ் ஆக்களுக்கும் வரும். வராது எண்டு நினைக்கிறவை பிந்தித்தான் வருவினம்."

இதை வீட்டில் என் கணவர் யோகநாதனிடம் சொன்னேன். அவர் ஒரு வயதான சின்யோராவின் வீட்டில் சமையலும் துப்புரவும் பார்த்தவர். வேலை முடிந்து வந்து ஒரு வாய் வெற்றிலை போட்டால்தான் அவருக்கு வீடு வந்த மாதிரி. கோட்டுப் பையில் அதற்கென்று ஒரு சின்னத் தகர டப்பா. கேட்டுவிட்டுச் சிரித்தார். "நான் சுத்தமான ஆமிஷ் எண்டு உம்மட டொக்டரிட்டைச் சொல்லும்."

அந்த நாட்களில் அவர் மிளகாய் உறைப்பை விட்டிருந்தார். கறி வைத்தால் தூள் போட முன் தனக்கு வேறாக எடுத்து வைக்கச் சொல்வார். பிறகு அதுவும் இல்லை, தக்காளி சோஸும் பாஸ்தாவும்தான். அரஞ்சீனா என்று இங்கே பொரித்த சோற்று உருண்டை விற்பார்கள், பலெர்மோக்காரர்கள் தெருவில் நின்றே கடித்துச் சாப்பிடுவார்கள். இவர் அதைத் தட்டில் வைத்துக் கரண்டியால் வெட்டிச் சாப்பிடுவார். அயல் வீட்டு மனோகரன் விழுந்து விழுந்து சிரிப்பார்.

"யோகண்ணை முழு இத்தாலியன் ஆயிட்டார். இனி எங்களோட கதைக்க மாட்டார்!"

நானும் சிரித்தேன். சின்யோராவின் சமையல் அவரை மாற்றிவிட்டது என்று ஊருக்குக் கடிதம்கூடப் போட்டேன்.

3. வெற்றிலைத் தட்டம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை. பல்லரோவுக்குப் பின் தெருவில் நாங்கள் பூசைக்கு வாடகைக்கு எடுக்கும் மண்டபம். எங்கள் நல்ல பழக்கங்களைப் பாராட்டித் தொத்தோரெஸா பேசப் போகிறார். சனம் நிரம்பிவிட்டது. வாசலில் வெற்றிலைத் தட்டத்தோடு மனோகரன் நின்றார்.

விருந்தாளி தட்டத்தைத் தொட்டாலே மரியாதை முடிந்துவிடும். ஆனால் மனோகரனுக்கு அன்று உபசாரம் தலைக்கேறிவிட்டது. தானே ஒரு வெற்றிலை மடித்து நீட்டினார். "வாயிலை போடுங்கோ, தொத்தோரெஸா!" போட்டார். சப்பினார். நல்லாயிருக்கிறது என்று தலையாட்டினார். கொஞ்ச நேரத்தில் நெற்றி வியர்த்து, தலையைப் பிடித்துக்கொண்டு அருகில் இருந்த கதிரையில் இருந்துவிட்டார். நான் தண்ணீரோடு ஓடினேன்.

"இதுக்குள்ள என்ன போட்டவர்?"

"வெத்திலை, பாக்கு, சுண்ணாம்பு... கொஞ்சம் பொயிலை."

தலைச்சுற்று போன இடம் தெரியவில்லை. "பொயிலையா? ஒருத்தரும் பாவிக்கிறதில்லை எண்டு நீதானே சொன்னனீ!"

"ஒருத்தரும் புகைக்கிறதில்லை எண்டுதான் சொன்னனான். இது வெத்திலை, தொத்தோரெஸா. மங்கலத்துக்கு வைக்கிறது."

நான் பொய் சொல்லவில்லை. எங்களில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். கலியாணத்துக்கும் கோவிலுக்கும் முதலில் வைக்கிற ஒன்றை யார் கெட்ட பழக்கத்தோடு சேர்ப்பார்கள்? அவரும் அப்படிக் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அவர் கோபிக்கவில்லை. துள்ளி எழுந்தார். "பேச்சு வேண்டாம்! எல்லாரையும் வாய் திறக்கச் சொல்லு!" தன் நடு மூன்று விரல்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக நிமிர்த்தி வாய்க்குள் விட்டுக் காட்டினார். மூன்றும் போகாவிட்டால் வெற்றிலை வாயை இறுக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தமாம்.

நான் மேடையில் ஏறிச் சொன்னேன். மண்டபம் கொல்லென்று சிரித்தது. பிறகு எல்லோரும் விரலை வாய்க்குள் விட்டார்கள். பிள்ளைகள் குதித்தார்கள், மனோகரன் நான்கு விரல் விட்டுக் காட்டினார். எனக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை.

தொத்தோரெஸா அடுத்த கேள்வியைத் தந்தார். நானும் சிரித்துக்கொண்டே சத்தமாகச் சொன்னேன். "உறைப்புச் சாப்பிட்டா வாய் எரியிற ஆக்கள் ஆராவது இருக்கிறியளோ?"

சொல்லி முடிக்க முன்பே எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை ஞாபகம் வந்தது. பாஸ்தா. தக்காளி சோஸ். கரண்டியால் வெட்டிய அரஞ்சீனா.

முன்வரிசையில் என் கணவரின் கதிரை வெறுமையாக இருந்தது. நான் மேடையிலிருந்து குதித்துச் சமையல்கட்டுக்கு ஓடினேன். சோற்றுக் கிடாரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். இரண்டு விரல் உள்ளே. மூன்றாவது பல்லில் இடித்துக்கொண்டு நின்றது.

"இஞ்சேருங்கோ, என்னப்பா இது?"

"ஏலாது" என்றார். "விட்டுப் பாத்தனான். ஏலாது."

"உறைப்பு?"

"நெருப்பாத்தான் எரியுது."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா வெத்திலையை நிப்பாட்டிப் போடுவீர். எல்லாரும் இத்தாலியன் எண்டு பகிடி பண்ணிச்சினம். எனக்கு அது வசதியாப் போச்சு."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். அத்தனை சனத்துக்கு முன்னாலும் அவர் வாயைத் திறந்தார். தொத்தோரெஸா டோர்ச் அடித்துப் பார்த்தார். கன்னத்தின் உட்புறத்தில் ஒரு வெள்ளைப் படை. சற்று முன்வரை துள்ளிக்கொண்டிருந்த மனுசி டோர்ச்சை மெதுவாக அணைத்தார்.

"நாளைக்கு விடியவே பெரியாஸ்பத்திரி" என்றார்.

இந்த நாட்டில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு மனிதர்தான். பின்னால் திரும்பிப் பார்த்தேன். மனோகரன் வெற்றிலைத் தட்டத்தை மூடி வைத்துவிட்டு, மற்றவர்களை வாய் காட்டுவதற்கு வரிசையில் நிற்க வைத்துக்கொண்டிருந்தார்.

4. கோழிக்கறி

சதையில் துளி வெட்டிச் சோதித்தார்கள். முடிவு வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. முடிவு வந்த அன்று தொத்தோரெஸா ஆஸ்பத்திரி நடையில் செருப்புச் சத்தம் எழும்ப ஓடிவந்தார். "இன்னும் புற்றுநோயா மாறேல்லை! மாறேல்லை!" என்று கத்தி என்னைக் கட்டிப்பிடித்தார். தாதிமார் அதட்டினார்கள். நாங்கள் கேட்கவில்லை.

அது மாறுவதற்கு வழி பார்த்துக்கொண்டு இருந்ததாம். படையை வெட்டி எடுத்தார்கள். வெற்றிலையை இனிக் கண்ணாலும் பார்க்கக் கூடாது என்றார்கள். தகர டப்பாவை அவரே என்னிடம் தந்தார், கராம்பு போட்டு வைத்தேன். மூன்றாவது விரல் பிறகும் முழுதாகப் போகவில்லை. ஆனால் எரிவு மெல்ல மெல்ல இறங்கியது.

அதற்குப் பிறகு தொத்தோரெஸா ஒருவரிடமும் "சிகரெட் பத்துவியளோ" என்று தொடங்கியதில்லை. "வாய்க்குள்ள என்னென்ன போடுவியள்?" என்றுதான் கேட்கச் சொல்வார். பிள்ளைகளே, நான் படித்ததும் அவ்வளவுதான். டாக்டர் கேட்ட கேள்வியை அப்படியே சொன்னால் போதாது. சனம் அந்தச் சாமானை என்ன பெயரில் வீட்டில் வைத்திருக்கிறது என்று தெரிந்து கேளுங்கள். உங்கள் வீட்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

பல மாதங்கள் கழித்து ஒரு ஞாயிறு தொத்தோரெஸாவைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டோம். கோழிக்கறி வைத்தேன். பழக்கதோஷத்தில், என் கணவருடைய பங்கைத் தூள் போட முன்பே எடுத்து வைத்துவிட்டேன். இவர் ஒரு வாய் வைத்தார். கையை உதறினார்.

"என்னப்பா இது, கறியோ பாயாசமோ? உறைப்புக் காணாது. தூளைக் கொண்டாரும்!"

தொத்தோரெஸா என் பக்கம் திரும்பினார். "என்னவாம்? என்ன சொல்லுறார்?"

என் வேலை மொழிபெயர்ப்பதுதான். அன்றைக்கு அதை அப்படியே விட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பிப் போய், மிளகாய்த்தூள் போத்தலைக் கொண்டுவந்து என் கணவருக்கு முன்னால் வைத்தேன்.