சுவருக்கு அந்தப் பக்கத்து ரசிகன்

அறுபதுகளின் ஆங்கிலப் பாட்டுகள் என்றால் எனக்கு உயிர். ஆங்கிலம்தான் வராது. பதுளை டவுனில் பதிந்து வாங்கிவந்த கேசட்டுகளில், பாட்டின் பெயர்களைக் காதில் விழுந்தபடியே தமிழில் எழுதி ஒட்டிவைப்பேன். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எனக்கும் பக்கத்து வீட்டுக்காரனுக்கும் ஒரே சுவர். அவனுக்கும் அந்தப் பாட்டுகள் மேல் கிறுக்கு. பிடித்த பாட்டு வந்தால் சுவரில் இரண்டு முறை தட்டுவான். நான் சத்தத்தைக் கூட்டுவேன்.

தொண்ணூறுகளில் ஒருநாள் காலை பொலிஸ் லயத்தைச் சுற்றிவளைத்தது. கேசட்டில் தமிழ் எழுத்தைக் கண்டதும் சார்ஜண்டுக்குச் சந்தேகம். புலிகள் இயக்கப் பாட்டா என்று கேட்டு, ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டச் சொன்னார். நாலாவது கேசட்டில் அவர் முகம் மலர்ந்தது. அவருக்கும் தெரிந்த பாட்டு! கூடவே முணுமுணுத்தார்.

அந்த நேரம் பார்த்து, அடையாள அட்டை இல்லையென்று பக்கத்து வீட்டுக்காரனை வாசலில் பிடித்துவிட்டார்கள்.

“அண்ணே, நம்ம தோட்டத்து ஆளுன்னு ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே!” என்று கத்தினான்.

சொல்லியிருக்கலாம். சார்ஜண்ட் நல்ல மனநிலையில்தான் இருந்தார். வெட்கங்கெட்டவன் நான், திரும்பிக்கூடப் பார்க்காமல் பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டு நின்றேன். ஜீப் அவனை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

மூன்று மாதம் கழித்துத்தான் விட்டார்கள். அவனிடம் என்ன பேசுவதென்று தெரியாமல், அவனுக்குப் பிடித்த பாட்டைப் போட்டேன். சுவரில் தட்டும் சத்தம் வரவில்லை. நானாகவே சத்தத்தைக் கூட்டினேன்.

அவன் என் வாசலுக்கு வந்து நின்றான்.

“கொஞ்சம் கொறச்சி வைங்க” என்றான். அண்ணே என்று சொல்லவில்லை.