கொழுந்தனுக்கு நான் கொடுத்த கொயினா

தபால் ஆபீசில் விற்ற கொயினா மாத்திரைப் பொட்டலத்தைப் பிரிக்கும்போதே எனக்கு நாக்கு கசந்துவிடும். யுத்தத்துக்கு முந்தைய அந்த வருஷங்களில் ஜவ்வாது மலையில் யார் சோர்ந்து படுத்தாலும் அது மலைக்காய்ச்சல்தான், மருந்து கொயினாதான். என் கொழுந்தன் படுத்தபோதும் நான் அதைத்தான் பிரித்தேன்.

அவனும் என் கணவரும் ஜமுனாமரத்தூரில் தங்கி, வாணியம்பாடித் தோல் வியாபாரி ஒருவருக்குத் தோல் பதனிடக் கடுக்காய் வாங்கிக் காயவைத்து அனுப்பினார்கள். ஒரே வருஷத்தில் எங்கள் மூத்த மகள் காய்ச்சலில் போனாள். பிரசவத்தில் அவன் மனைவி போனாள். அவளுக்குச் சவப்பெட்டி அடித்தவனே அவன்தான். அவளைப் புதைத்த ஒன்பதாம் நாளே களத்தில் நின்று கடுக்காய் கிளறினான். கல் மனசு என்று ஊரே பேசியது. என் கணவர்தான் மாதக்கணக்கில் அழுதார்.

அப்படிப்பட்டவன் மறு வருஷம், கோடை மழையில் நாலு மூட்டைக் கடுக்காய் நனைந்து பூஞ்சணம் பிடித்ததற்குப் படுத்துவிட்டான். வியாபாரி கோபிக்கக்கூட இல்லை. "வானம் பேஞ்சா நீ இன்னா பண்ணுவே, வுடு தம்பி" என்று சிரித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகுதான் படுத்தான். எனக்கு மண்டை குழம்பிவிட்டது.

உடம்பு சுடவில்லை, நடுக்கமும் இல்லை. உள்காய்ச்சல் என்று நானே முடிவு கட்டி, வேளை தவறாமல் மாத்திரை கொடுத்தேன். நாலாம் நாள், "காதுல வண்டு கத்துதுங்க அண்ணி" என்றான். அது மாத்திரை செய்கிற வேலை என்று எனக்குத் தெரியாது. புத்தி பேதலிக்கிறதென்று பயந்து இன்னும் இரண்டு கூட்டினேன். போளூரிலிருந்து வந்த கம்பவுண்டர்தான், "நிறுத்தும்மா, காது செவுடாய்டும்" என்று அதட்டினார். நிறுத்தியதும் வண்டு ஓய்ந்தது. அவன் எழவில்லை.

"வண்டுதான் போய்டுச்சே, எழுந்து வாயேன்பா."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லீங்க அண்ணி."

"அப்புறம் எதுக்கு மாத்திரைய முழுங்குன?"

"நீங்க பயந்துட்டு இருந்தீங்க."

என் பயத்துக்கு அவன் மருந்து தின்றிருக்கிறான். அடுப்படிக்குப் போய் வாய்விட்டு அழுதேன்.

ஆடி மாதத்தில் ஒரு காலை தானாகவே எழுந்து குளித்து, களி கேட்டான். எப்படி எழுந்தாய் என்றேன். "எனக்கே தெரியலீங்க" என்றான். மனைவி போன துக்கம் பிந்தி வந்ததா? அழாமல் அடக்கி வைத்திருந்ததா? அழாதவர்கள் எத்தனையோ பேர் நன்றாகத்தானே இருக்கிறார்கள்? அண்ணனும் தம்பியும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் வேறு; அண்ணன் இப்படிப் படுக்கவில்லையே. சிலர் வாகே அப்படி, அதற்கு ஒரு பெயர்கூட இருக்கிறது என்கிறாள் டாக்டருக்குப் படிக்கும் என் பேத்தி. இருக்கட்டும். அவனை எது தள்ளியது என்று தெரியாமல், எதிலிருந்து நான் அவனைக் காப்பது?

பிறகு முப்பது வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தான். அத்தனை நாளும் விடிந்து அவன் கதவு திறக்கிற சத்தம் கேட்காமல் நான் அடுப்பு பற்றவைத்ததில்லை.