பெரியம்மாவின் கனவும் என் இரண்டு ரக்அத்தும்

சகோதரிகளே, உங்கள் எல்லோர் மீதும் அல்லாஹ்வின் அமைதி இருக்கட்டும். எனக்கு வாய் நீளம் என்று நீடாமங்கலத்தில் சொல்வார்கள். இதைப் படித்துவிட்டு நீங்களும் சொல்லலாம். பரவாயில்லை.

மூன்று வருடங்களுக்கு முன், ஜூன் மாதம். பொறியியல் நுழைவுத் தேர்வில் எனக்கு நல்ல ரேங்க் வந்திருந்தது. நாட்டின் முதல் வரிசைக் கல்லூரிகளில் இரண்டு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. சென்னைக் கல்லூரியில் உலோகவியல் கிடைக்கும். கவுகாத்தியில் மின் பொறியியல். விருப்பப் பட்டியலில் எதை முதலில் போடுகிறேனோ அதுதான் அநேகமாக வரும். வியாழக்கிழமை மாலை ஐந்து மணியோடு பட்டியல் மூடிவிடும்.

அப்பாவை நான் அத்தா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குப் பம்புசெட் மோட்டார் கடை. எரிந்துபோன மோட்டாரை அவர் பிரித்துக் காயில் சுற்றுவதைப் பார்த்தே வளர்ந்தேன். மின் பொறியியல் தவிர வேறு எதிலும் எனக்கு மனம் ஒட்டவில்லை.

புதன்கிழமை பெரியம்மா வந்தார். அத்தாவின் அண்ணன் மனைவி. எங்கள் குடும்பத்தில் கல்யாணமோ வீடோ, எதுவானாலும் இஸ்திகாரா பார்ப்பது அவர்தான். இரண்டு ரக்அத், அதாவது இரண்டு சுற்று, தொழுது, இதில் எனக்கு நல்லதைக் கொடு என்று இறைவனிடம் கேட்பதுதான் இஸ்திகாரா. யாருக்குத் தேவையோ அவர் கேட்க வேண்டியது. எங்கள் வீட்டிலோ அதைப் பெரியம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு, அவருக்கு என்ன கனவு வரும் என்று காத்திருப்பார்கள்.

“பெரிய தண்ணி. கரையில வெள்ள உடுப்போட இவ நிக்கிறா. கடல்தான். சென்னைன்னு அல்லாஹ் காட்டிட்டான்” என்று எனக்காகக் கண்ட கனவைச் சொன்னார்.

“கவுகாத்தியில பிரம்மபுத்திரா ஓடுது பெரியம்மா. அதுவும் பெரிய தண்ணிதான்.”

“கரையில சுண்டல் வித்தாங்கடி!”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மதினி கனவ மீறி அனுப்பி, நாளைக்கு ஒனக்கு ஒண்ணுன்னா என்னையத்தான கேப்பாங்க? எனக்குத் தெம்பில்லம்மா” என்றார். அதுவரை என்னிடம் எதையும் முடியாது என்று சொல்லாதவர். அடுப்படியில் போய் அழுதேன். இரண்டு வருடம் விழுந்து விழுந்து படித்ததெல்லாம் ஒரு சுண்டல்காரனால் போச்சே என்று ஆத்திரம் வேறு.

மறுநாள் மதியத்துக்கு மேல் ஆத்திரம் தெளிந்தபோது ஒன்று உறைத்தது. எல்லோரும் எனக்காகக் கேட்டார்கள். நான் கேட்டேனா? தொழுகை விரிப்பான முஸல்லாவை விரித்தேன். இரண்டு ரக்அத் தொழுதேன். ‘யா அல்லாஹ், கவுகாத்தி எனக்கு நல்லதென்றால் வழியை எளிதாக்கு. கெட்டதென்றால் என் மனதையும் அதைவிட்டுத் திருப்பிவிடு. பதிலை என்னிடமே சொல்’ என்று கேட்டேன். கனவு எதுவும் வரவில்லை. பட்டப்பகலில் எங்கே வரும்? ஆனால் எழுந்தபோது பயம் இல்லை. நேராகக் கடைக்கு நடந்தேன்.

குறுவை நேரம். கடை நிறைய மோட்டார்கள். கையெல்லாம் கிரீஸோடு அத்தா நிமிர்ந்தார்.

“அத்தா, நீங்க சவுதிய விட்டுட்டு வந்து இந்தக் கடைய வெச்சப்ப, யாரு கனவு கண்டாங்க?”

கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார். “யாரும் காணல. நானேதான் தொழுதேன். மனசு ஒரு பக்கம் நின்னுச்சு. வந்துட்டேன்.” கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். “ஒனக்கு மனசு நிக்கிதா?”

“நிக்கிது அத்தா.”

ஷட்டரை இறக்கிவிட்டு என்னுடன் கம்ப்யூட்டர் சென்டருக்கு வந்தார். கவுகாத்தியை முதலில் போட்டுப் பட்டியலைப் பூட்டியபோது மணி நாலே கால். பெரியம்மா போனில் கூப்பிட்டு, சென்னையைத்தானே போட்டீங்க என்றார். அத்தா அமைதியாகச் சொன்னார்: “கனவு கண்டது நீங்க மதினி. படிக்கப் போறது எம்பொண்ணு.”

நான் கேட்ட வழி இதுதான். முந்தின நாள் தெம்பில்லை என்றவர் வாயிலிருந்தே அல்லாஹ் அதைத் திறந்தான். அல்ஹம்துலில்லாஹ். முதல் சுற்றிலேயே இடமும் வந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் தேனும் பாலுமாக ஓடியது என்று புளுக மாட்டேன். முதல் செமஸ்டரில் கணக்கில் தோற்றேன். “கனவ மீறுனா இப்படித்தான்” என்று ஊரில் பேசினார்கள். பேசட்டும். வழியை எளிதாக்கு என்றுதான் கேட்டிருந்தேன், பரீட்சையை அல்ல. மறுபடி உட்கார்ந்து படித்துத் தேறினேன். இன்று மூன்றாம் ஆண்டு முடித்திருக்கிறேன். அன்றிலிருந்து எந்தக் காரியத்துக்கும் முதலில் விரிவது என் முஸல்லாதான்.

உங்களுக்கும் இப்படி ஒரு முடிவு முன்னால் நின்றால், பெரியவர்களிடம் யோசனை கேளுங்கள், உங்களுக்காக இறைவனிடம் துஆ கேட்கச் சொல்லுங்கள். ஆனால் உங்கள் தொழுகையை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். உங்கள் குரலும் அல்லாஹ்வுக்குக் கேட்கும்.

போன வாரம் விடுமுறைக்கு வந்திருந்தேன். பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மா இல்லாத நேரம் பார்த்து மெல்லப் பேச்செடுத்தார். அவருடைய கடைசிப் பெண் நஸ்ரினுக்கும் இரண்டு கல்லூரிகள் நெருங்கி வந்திருக்கின்றனவாம்.

“ஒனக்குத்தான் பலிக்குதே. அவளுக்காக நீ ஒரு இஸ்திகாரா பாத்துச் சொல்லேன்.”

எழுந்துபோய் என் முஸல்லாவை எடுத்துவந்து அவர் மடியில் வைத்தேன்.

“இத நஸ்ரின்கிட்ட குடுங்க பெரியம்மா.”