வாய்க்கால் என்னும் சொல்

நான் கண்டதையும் என் காதால் கேட்டதையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன். ஊரில் பிறகு பேசப்பட்டவை பல உண்டு. அவற்றைச் சரிபார்க்க எனக்கு வழியில்லை, ஆகையால் விட்டுவிட்டேன். சரிபாராத ஒரு சொல்லை ஊரார்முன் படித்தவன் நான். இந்தக் கட்டுப்பாடு அதனால் வந்தது.

எண்பதுகளில், தருமபுரியிலிருந்து பென்னாகரம் செல்லும் சாலையை ஒட்டி வளர்ந்துகொண்டிருந்த ஒரு கல்லூரி வளாகத்தில் தமிழாசிரியனாக இருந்தேன். புதிய விடுதிகள் எழும்பின. குடிநீர்க் குழாய், மின்கம்பி, கழிவுநீர்ப் போக்கு ஆகிய மூன்றையும் பொறியாளர் ஒரே வரைபடத்தில் அடக்கினார். குழாயும் கம்பியும் வளாகத்துக்குள்ளேயே முடிந்தன. நிலம் தெற்கே சரிவதால், கழிவுநீர் மட்டும் வேலிக்கு அப்பால் ஓர் உழவர் குடும்பத்தின் வரப்போரமாகச் சென்று ஓடையில் சேர வேண்டியிருந்தது.

அக்குடும்பத்தின் ஒப்புதலைப் பெறுவதற்குத் தமிழில் ஓர் அறிக்கை எழுதப்பட்டது. ஆங்கில மூலத்தில் 'டிரெய்னேஜ் சேனல்' என்றிருந்த இடத்தில், தமிழில் 'வாய்க்கால்' என்றிருந்தது. பிழை நோக்கும்படி முதல்வர் அதனை என்னிடம் தந்தார். விடுபட்ட வல்லொற்றுகளை இட்டேன். 'வாய்க்கால்' என்பதைக் கண்டு, கலப்பில்லாத தமிழ் என்று மகிழ்ந்ததும் நினைவிருக்கிறது. அச்சொல்லைக் கேட்பவர் அதில் எந்த நீரைக் காண்பார் என்று எண்ணிப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து மாதா கோயில் முற்றத்தில் ஊரார் நின்றபோது, அறிக்கையை நானே உரக்கப் படித்தேன். நல்ல குரல் என்று பெயரெடுத்தவன். நிலத்துக்காரர் அங்கேயே கையொப்பமிட்டார். வானம் பார்த்த பூமிக்கு மாதா கண் திறந்துவிட்டாள் என்றார் அவர் மனைவி. அதை முகமன் என்று கொண்டேன்.

கால்வாய் வெட்டி முடிந்த சில வாரங்களில் அவ்வம்மையார் வேலியருகே என்னை நிறுத்தினார். அவ்வாண்டு மழைக்குக் கேழ்வரகு விதைக்காமல், நெல்லுக்கென்று வயலைச் சமன்படுத்தியிருந்தார். குடத்தில் நீர் சுமந்து நாற்று வளர்த்திருந்தார். நாங்கள் வெட்டிய கால்வாயின் கரையில் ஒரு மடையும் திறந்து வைத்திருந்தார்.

"வாத்தியாருங்களே, தண்ணி எப்பங்க வுடுவீங்க? நாத்து முத்துதுங்க."

எந்தத் தண்ணீர் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் எனக்கே விளங்கிவிட்டது. விடுதியிலிருந்து வரும் நீர் என்றேன்.

"பசங்க குளிக்கற தண்ணிங்களா?"

"குளிக்கிற நீர் மட்டுமில்லை, அம்மா."

அவர் மடையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"அதுக்கு எங்கூர்ல வேற பேருங்க. உங்க வாயில வராதுன்னு மாத்திட்டீங்களா?"

கணவரை மண்வெட்டியுடன் வரச்சொல்லிக் குரல் கொடுத்தார். இருவரும் மடையை அடைத்தனர். மண் தள்ள நானும் குனிந்தேன். "வேட்டி அழுக்காவுங்க, வுடுங்க" என்றார் கணவர். அதில் ஏளனம் இருந்ததா என்று அறியேன். மரியாதை குறையவில்லை; அந்த 'ங்க'தான் என்னைக் கூசச் செய்தது.

நடந்ததை முதல்வரிடம் சொன்னேன். கையொப்பம் முறைப்படி பெறப்பட்டது என்றார் அவர். வரைபடம் மாறவில்லை; விடுதி திறந்ததும் நீர் ஓடத் தொடங்கியது. வளாகக் குடியிருப்பில் நான் கைகழுவிய நீரும் அவ்வழியேதான் போயிற்று. அதன்பின் அந்த வேலிப்பக்கம் நான் நடந்ததில்லை. சாலை வழியே சுற்றிச் சென்றேன்.

அறிக்கையை மொழிபெயர்த்தவர் எங்கள் அலுவலக எழுத்தர். 'சேனல்' என்பதற்கு அகராதியில் கண்டதை எழுதினாரா, ஒப்புதல் எளிதில் கிடைக்கட்டும் என்று எழுதினாரா என்பது எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. அந்த நாற்று என்னவாயிற்று என்பதும் தெரியாது.