அக்காவின் எட்டடி

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கி, முதல் பக்கத்துப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இந்தப் பக்கத்துக்கு வந்திருக்கும் சொந்தங்களுக்கும் சினேகிதர்களுக்கும் தம்பி எழுதிக்கொள்கிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பஞ்சர் ஒட்டும் கை. எழுதத் தெரியாது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "நீ பேசுறாப்புலயே எழுதுடா, படிக்கிறவங்களுக்கு ஒன் குரல் கேட்டாப் போதும்" என்றார் அக்காவின் கணவரான எங்கள் மாமா. அதனால் பேசுகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது வரிச்சிக்குடியில். அப்பாவுக்குக் கொஞ்சம் சொந்த நிலம், மீதி குத்தகை. அக்கா பன்னிரண்டாவது படிக்கும்போது நாற்றங்காலில் பாம்பு தீண்டி அப்பா போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் மூலைக்கு ஒருவராகச் சுருண்டு கிடந்தோம். அக்கா எழுந்து போய் உலை வைத்தார். "அழுவுறதுக்கு வீட்ல மூணு பேரு இருக்கோம், அடுப்பு பத்த வைக்க ஒருத்தராவது வேணும்ல" என்றார். அப்போது அக்காவுக்குப் பாவாடை தாவணி வயது. அதன் பிறகு தபாலில் படித்து, பரீட்சை எழுதி, காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை வாங்கி, என்னையும் அம்மாவையும் தாங்கியது அவர்தான்.

மணமாகித் தலத்தெருவுக்கு வந்தார். மாமாவுக்கு எலக்ட்ரீசியன் வேலை. அதிர்ந்து பேசாத மனிதர். குறை என்று சொன்னால் ஒன்றுதான், பிள்ளை இல்லை. நம் ஊர் மாங்கனித் திருவிழாவில் சாமி வரும்போது மாடியிலிருந்து வீசும் மாம்பழம் மடியில் விழுந்தால் வீட்டில் தொட்டில் ஆடும் என்ற நம்பிக்கையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வருடம் தவறாமல் அக்கா மடியேந்தி நின்றார், பக்கத்தில் அம்மா நின்றார். பழம் விழாமல் இல்லை, விழுந்தது. பயபக்தியோடு தின்றார். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வருடம் எங்கள் பெரியம்மா பின்னாலிருந்து முதுகில் கை வைத்துத் தள்ளி, "முன்னாடி போயி நில்லுடி, ஒனக்குத்தானே தேவை, வெக்கப்பட்டா ஆவுமா" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னார். அக்கா வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டு மாமாவிடம், "இனிமே நான் மடியேந்தி நிக்க மாட்டேங்க. கேட்டது போதும்" என்றார். மாமா, "சரி" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

கேமரா வந்தது அதற்குப் பிறகு. பக்கத்து வீட்டுப் பெரியவர் மகனோடு இருக்க பிரான்சுக்கே போகும்போது, தன் பழைய கேமராவை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதில் தானாகக் கூர்மை பிடிக்கும் வசதி செத்துப் போயிருந்தது. கையால் வளையத்தைத் திருகித்தான் படத்தைத் தெளிவாக்க வேண்டும். தெருவில் போகிறவர்கள் நாம் திருகி முடிக்கும்வரை நிற்பார்களா? ரிப்பேர் கடைக்காரர், "இத வச்சிக்கிட்டு சாமி படந்தான் எடுக்கலாம்மா, அது அசையாது" என்றார். அக்கா அந்தப் பேச்சைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அக்கா கண்டுபிடித்த வழியை எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். ஆள் வந்த பிறகு திருகாதே, முன்னாலேயே திருகி வைத்துவிடு. எட்டடி தூரத்துக்கு வளையத்தை நிறுத்திவிட்டு, லென்ஸின் வாயைச் சிறிதாக்கிவிட்டால், ஐந்தடிக்கு அப்பால் இருபதடிவரை வருகிறவர்கள் எல்லாம் தெளிவாக விழுவார்கள். பிறகு கண் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்று, எட்டடி எது என்று தெரிந்துகொள்வது. மாமா ஒயரிங் வேலைக்கு வைத்திருந்த பிளாஸ்டிக் குழாயை எட்டடிக்கு அறுத்துக் கொடுத்தார். அதைக் கொல்லையில் போட்டு, இந்த முனையில் தான் நின்று அந்த முனையில் என்னை நிறுத்தி, பிறகு குழாயை எடுத்துவிட்டு, "இப்ப எத்தனை அடி சொல்லு" என்று தன்னையே கேட்டுக்கொள்வார். வளையத்தில் ஒரு ரவிக்கைப் பட்டனை ஒட்டியிருந்தார். பட்டன் நேர் கீழே இருந்தால் எட்டடி, இடப்பக்கம் தள்ளினால் கிட்டம், வலப்பக்கம் தள்ளினால் தூரம். கேமராவைப் பார்க்காமலே விரல் சொல்லிவிடும். ஆள் கிட்டே வந்துவிட்டால் வளையத்தைத் தொடுவதைவிட ஒரு காலைப் பின்னால் வைப்பது சுலபம் என்பார். சாயங்காலம் வெளிச்சம் குறைந்தால் லென்ஸின் வாயைப் பெரிதாக்க வேண்டும், அப்போது அந்த எட்டடிக்கு முன்னும் பின்னும் இருந்த இடம் சுருங்கிவிடும். "பொழுது சாய்ஞ்சா என் ஊரே சின்னதாயிடுதுடா" என்பார்.

பஸ் ஸ்டாண்டில், மீன் மார்க்கெட்டில், அம்பகரத்தூர் கோயில் கூட்டத்தில், ஞாயிறு தவறாமல் அக்கா நின்றார். ஒரு டீக்கடைத் தூணைப் பார்த்து எட்டடியில் நின்றுகொள்வார். யாராவது அந்தத் தூணுக்கு வரும்வரை காத்திருப்பார். பூ விற்கும் அம்மாள் ஒருவர், "இந்தம்மா நம்மள எடுக்கல, நாம நிக்கப் போற எடத்த எடுக்குது" என்றாராம். எனக்கு அதைவிட நன்றாகச் சொல்ல வராது. எடுத்த படத்தைப் பிரிண்ட் போட்டு அவரவரைத் தேடிக் கொடுத்துவிட்டு வருவார். இன்றும் சில கடைகளில் கல்லாவுக்கு மேல் அவை மாட்டியிருக்கின்றன.

அடுத்த திருவிழாவில் அக்கா கேமராவோடு போய் நின்றார். பெரியம்மா விடுவாரா? "மடிய விரிச்சிப் புடிக்க வேண்டியவ, பொட்டியப் புடிச்சிக்கிட்டு நிக்கிறா பாரு" என்றார். அக்கா கேமராவை முகத்திலிருந்து எடுக்காமலே, "பெரியம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அஞ்சடிக்குள்ள வந்துட்டீங்க, மங்கலா வுழுவீங்க" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்ததில் பெரியம்மாவும் சிரித்துவிட்டார். அவர் இந்த மலரைப் படித்து என்னைத் திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் அக்கா மடியேந்துவதை நிறுத்திவிட்டாலும் அம்மா நிறுத்தவில்லை. மகளுக்குப் பதிலாகத் தானே முந்தானையை விரித்துக்கொண்டு வருடாவருடம் கூட்டத்துக்குள் போனார். மாடியைப் பார்த்தபடி நிற்கும் அந்த முகத்தை ஒரு தடவையாவது எடுத்துவிட வேண்டும் என்பதுதான் அக்காவுக்கு இருந்த ஒரே ஆசை. ஊரில் எத்தனையோ பேரை எடுத்தவருக்கு அம்மா மட்டும் அகப்படவில்லை. காரணம் வேடிக்கையானது. அம்மாவின் கண்ணில் அக்கா பட்டுவிட்டால் போதும், விறுவிறுவென்று நடந்து நேரே மூக்குக்கு முன்னால் வந்து, "சாப்ட்டியாடி?" என்று கேட்டுவிடுவார். "எங்க அம்மா எட்டடியில நிக்காதுடா" என்று அக்கா தலையில் கை வைத்துக்கொள்வார்.

பிறகு சிறுநீரகம் கெட்டுப்போனது. அந்தக் காலத்தை நீட்டி எழுத எனக்கு மனமில்லை. டயாலிசிஸ், தண்ணீருக்கு அளவு, வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடாது, மாம்பழம் வாயில் வைக்கவே கூடாது. அளவு டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "டெல்டாக்காரிக்குத் தண்ணிக்குப் பஞ்சம் வந்துருக்கு பாருங்க" என்று நர்சுகளைச் சிரிக்க வைப்பார். அவர்கள் சிரிப்பார்கள், வெளியில் நிற்கும் மாமா சிரிக்க மாட்டார். கண் மங்கியது, கை நடுங்கியது. வளையத்தைத் திருகிப் பார்த்துப் படத்தைத் தெளிவாக்க அந்தக் கண்ணால் இனி முடியாது. எட்டடி மட்டும் உடம்பில் மிச்சம் இருந்தது.

போன வருடத் திருவிழாவுக்கு முதல் நாள் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நாளைக்கு அம்மாவ எடுத்துரணும்டா."

"ஒன்னால நிக்க முடியாதேக்கா."

"நிக்க வேணாம். ஒக்காந்துக்கிறேன். அம்மாவத்தான் நீ நிக்க வைக்கணும்."

காலையிலேயே மாமா ஸ்கூட்டரில் அந்தப் பழைய குழாயைக் கட்டிக்கொண்டு வந்தார். சாமி வரும் தெருவில் ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து குழாயை நீட்டி அளந்து, ஒரு கடையின் தட்டி மறைவில் நாற்காலி போட்டோம். கூட்டம் சேர்வதற்குள் ஆட்டோவில் கொண்டுவந்து அக்காவை உட்கார வைத்தோம். அக்கா வீட்டில் படுத்திருப்பதாகத்தான் அம்மா நினைத்தார். நான் அம்மாவைக் கூட்டிவந்து கம்பத்தடியில் நிறுத்தி, "இங்க நில்லும்மா, இந்த மாடியிலேர்ந்துதான் நெறையா வீசுவாங்க" என்றேன். அம்மா முந்தானையை விரித்தார். மேலே பார்த்தார். அக்காவின் விரல் பட்டனைத் தொட்டுப் பார்த்ததை நான் பார்த்தேன். நேர் கீழே இருந்தது.

சாமி வந்தது. நாலு பக்கமும் பழம் பறந்தது. அதே நேரம் ஒருவர் தன் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு குறுக்கே வந்து நின்றார். அவர் நகர்ந்தபோது பழம் அம்மாவின் முந்தானையில் விழுந்துவிட்டிருந்தது. அம்மா திரும்பினார். தட்டி இடுக்கில் அக்காவைப் பார்த்துவிட்டார். எட்டடி ஐந்தாகி, ஐந்து மூன்றாகி, அம்மா வந்துகொண்டே இருந்தார். பட்டனை இடப்பக்கம் தள்ள எவ்வளவு நேரம் ஆகும்? அக்கா தள்ளவில்லை. முடியாமலா, வேண்டாமென்றா, நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரே ஒரு தடவை அழுத்தினார்.

"இங்கதான் இருக்கியா? இந்த வெயில்ல ஏன்டி வந்த?" என்று கேட்டுக்கொண்டே அம்மா பழத்தை நீட்டினார். "இந்தா. புள்ளைக்குன்னு கேக்கலடி இந்தத் தடவ. ஒன் ஒடம்புக்குன்னுதான் கேட்டேன்."

மாமா மெல்ல, "அத்தை, மாம்பழம் கூடாதுன்னு டாக்டரு..." என்று ஆரம்பித்தார்.

"சாமி பழத்துக்குமா சொன்னாரு?"

அக்கா பழத்தை இரண்டு கையாலும் வாங்கி, முகர்ந்து, மடியில் வைத்துக்கொண்டார். வீடு வரும்வரை அது மடியில்தான் இருந்தது. வீட்டிலும் அவர் தின்ன முடியாது. "நீயாவது சாப்புடும்மா" என்றதற்கு, "ஒனக்குக் கேட்டத நான் திம்பேனா" என்று அம்மா மறுத்துவிட்டார். பழம் தோல் சுருங்கிக் கறுத்தது. மாமா கொல்லையில் புதைத்தார். அது முளைக்கவில்லை.

ஆடியில் அக்கா போய்விட்டார். அதற்கு முன் ஒரு நாள் கேமராவில் அந்தப் படத்தை எனக்குக் காட்டினார். பின்னால் விளக்குக் கம்பம் தெளிவாக இருந்தது. முன்னால் அம்மா, முகம் எது, பழம் எது என்று பிரிக்க முடியாதபடி மங்கலாக இருந்தார். "அழிச்சிரவாக்கா?" என்றேன். "கைய எடுடா. இதுல அம்மா வந்துக்கிட்டு இருக்கு" என்றார்.

அந்தப் படத்தைத்தான் இம்மலரின் கடைசிப் பக்கத்தில் போட்டிருக்கிறோம். அச்சகத்தில், "அண்ணே, இது சரியா வுழலையே, வேற இருந்தாக் குடுங்க" என்றார்கள். வேறு இல்லை. தள்ளிப் பிடித்துப் பார்க்காதீர்கள், அப்படியும் தெளியாது.

கையைப் பிடித்துக்கொண்டு டயாலிசிஸ் பிரிவில் பேச்சுக் கொடுத்த நர்சுகளுக்கும், கேட்ட நேரத்துக்கு வாசலில் வந்து நின்ற ஆட்டோக்காரத் தம்பிக்கும், மாமாவுக்கு இன்றுவரை சோறு அனுப்பும் தலத்தெருப் பக்கத்து வீட்டாருக்கும், அக்காவின் அலுவலகத் தோழிகளுக்கும், தன் கல்லாவுக்கு மேலிருந்த படத்தைக் கழற்றி இறுதி ஊர்வலத்தன்று நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடந்த கடைக்காரருக்கும், சுடுகாடுவரை முதலில் வந்து கடைசியில் திரும்பிய பெரியம்மா வீட்டு அண்ணன்மார்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. விட்டுப்போன பெயர்க்காரர்கள் என்னை நேரில் பிடித்துத் திட்டலாம், கடையில்தான் இருப்பேன்.

இந்த வருடம் அம்மா திருவிழாவுக்குப் போகவில்லை. வாசல் கதவையும் சாத்திக்கொண்டார். ஆனால் வருஷ திதிப் படையலுக்கு என்னென்ன வேண்டும் என்று நேற்று பேசிக்கொண்டிருந்தபோது, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அம்மா மாமா பக்கம் திரும்பி, "ஏம்ப்பா, இப்ப அவ மாம்பழம் திங்கலாம்ல?" என்று கேட்டார்.

"திங்கலாம் அத்தை" என்றார் மாமா.