தலைதட்டாத மைதா

பேத்தி பிறந்தநாளுக்கு நானே கேக் செய்வதாகச் சொல்லிவிட்டேன். மாலையில் வேங்கிக்காலிலிருந்து வருகிறாள்.

குறிப்பில் மைதா இரண்டு கப், அதாவது இருநூற்றைம்பது கிராம் என்றிருந்தது. கப்பில் அளந்து தராசில் வைத்தேன். முந்நூற்று நாற்பது காட்டியது. முதலில் தராசைச் சந்தேகித்தேன், பிறகு என்னை.

கப்பில் மைதாவைக் கோபுரமாக அள்ளியிருக்கிறேன். எங்கள் வீட்டில் அரிசியையும் அப்படித்தான் அளப்போம். விளிம்புக்கு மேலே நின்றதைக் கத்தியால் வழிக்கப் போனேன். மனைவி கையைப் பிடித்தாள்.

"நல்ல நாளும் அதுவுமா தலைதட்றீங்களே! கொழந்தைக்குக் கம்மியா போடுவாங்களா?"

"ஜாஸ்தியானா கேக்கு கல்லாயிடும்."

"அப்ப பாலையும் ஜாஸ்தியா ஊத்துங்க."

"எவ்வளவு?"

"கண்ணளவா ஊத்துங்க."

மாவு முழுவதும் பாத்திரத்துக்குள் போய்விட்டது. கண்ணளவுக்கு எத்தனை மில்லி என்று தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள். பால் பாத்திரத்தோடு நின்றுகொண்டிருக்கிறேன்.