தோல் வண்டுக்காக முழங்காலிட்டேன்

என்னோடு சேர்ந்து ஆண்டவரை நம்பியிருக்கிற உங்களுக்கு, ஆம்பூரிலிருந்து ஒரு தாய் எழுதுகிறேன். போன ஜூலை மாதம் எங்கள் வீட்டுக்கு வந்த நெருக்கடியைச் சொல்கிறேன். அதிலிருந்து அவர் எங்களைத் தூக்கிவிட்ட விதத்தையும் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். முதலில் சிரித்தவர்கள் எங்கள் சபையார்தான்.

அன்று சாயங்காலம் ஷூ கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். போன் வந்தது. என் மகள் பெர்சிஸ். வேலூரில் ஒரு கல்லூரியில், விலங்கியல் துறையில் பிஎச்டி செய்கிறாள். எடுத்தேன். விம்முகிற சத்தம் மட்டும் கேட்டது.

"இன்னாடி ஆச்சு? எங்க இருக்க? விழுந்துட்டியா?"

"எல்லாம் செத்துப்போச்சும்மா. ஒண்ணு கூட இல்ல."

யார் செத்தது என்று நடுத்தெருவிலேயே கத்தினேன்.

"வண்டும்மா. என் வண்டுங்க எல்லாம்."

முதலில் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதன் பிறகுதான் பயமே வந்தது. அந்த வண்டுகள் போனால் அவள் படிப்பும் போய்விடும் என்பது எனக்குத் தெரியும்.

உங்களில் பலருக்கு இந்தப் படிப்பைப் பற்றித் தெரிந்திருக்காது. எனக்கும் தெரியாது. எட்டாவதோடு நின்றவள் நான். அவள் சொல்லச் சொல்லக் காதால் கேட்டுப் படித்ததுதான். காலேஜில் சேர்ந்தோம், பரீட்சை எழுதினோம், பாஸ் என்று இதில் கிடையாது. முதலில் சில பாடங்களை எழுதித் தேற வேண்டும். அப்புறம் துறையில் எல்லார் முன்னாலும் நின்று, தான் செய்கிற வேலையை இங்கிலீஷில் எடுத்துச் சொல்ல வேண்டும். கேள்வி கேட்பார்கள், திணறக் கூடாது. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்முறை வகுப்பு எடுக்க வேண்டும். கட்டுரை எழுதி வெளியிட வேண்டும். இதற்கெல்லாம் நடுவில் ஆய்வுக் குழு என்று ஒன்று கூடும். வழிகாட்டி மேடமும், உள்ளேயிருந்து ஒருவரும், வெளிக் கல்லூரியிலிருந்து வருகிற ஒரு பெரியவரும் உட்கார்ந்து, "என்ன செய்தாய், காட்டு" என்பார்கள். திருப்தியாக இருந்தால் மேலே போகலாம். இல்லையென்றால் பதிவையே ரத்து செய்யச் சொல்லி எழுதிவிடலாம்.

பெர்சிஸ் அதற்கு முந்தின வருஷம் மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டாள். அப்போதே ஒரு தடவை தவணை வாங்கியாயிற்று. இனிமேல் தவணை கிடையாது என்று மேடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். குழு கூட மூன்று வாரம்கூட இல்லை. அந்த நேரத்தில்தான் வண்டுகள் செத்தன.

அவள் ஆராய்ச்சியே தோல் வண்டைப் பற்றியதுதான். நம் ஊரில் தெரியாதவர்கள் யார்? காய்ந்த தோலைத் துளைத்துத் தின்கிற கறுப்பு வண்டு. அதன் புழு உடம்பெல்லாம் ரோமமாக இருக்கும். தோல் மண்டிக்காரர்களுக்கு அதைக் கண்டாலே ஆகாது. விஷ மருந்து அடித்து அடித்து வேலைக்காரர்கள் கை புண்ணாவதுதான் மிச்சம். அந்த மருந்து இல்லாமல் வண்டைத் தடுக்க வழி உண்டா என்று பார்க்க, பெர்சிஸ் அதை வளர்க்கிறாள். எவ்வளவு சூட்டில், எவ்வளவு ஈரத்தில், எத்தனை நாளில் பெருகுகிறது என்று தலைமுறை தலைமுறையாகப் பார்க்கிறாள். பக்கத்து வீட்டு சுகந்தி அக்கா இதைக் கேட்டபோது கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். "ஊரே அதைக் கொல்றதுக்கு அலையுது, உன் பொண்ணு சோறு போட்டு வளக்குறாளா? நல்லாருக்கு போ!"

அந்தச் சோறு எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். என் வீட்டுக்காரர் தோல் மண்டியில் தரம் பிரிக்கிற வேலை செய்கிறார். கழித்துப் போட்ட காய்ந்த ஓரத் துண்டுகளை ஒரு பையில் போட்டு மகளுக்குக் கொடுத்தனுப்புவார். அந்த மாதம் அவர் மண்டி முதலாளி பாயிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார், பெரிய பெரிய ஆட்கள் மகளின் வேலையைப் பார்க்க வருகிறார்கள் என்று. பாய்க்கு மனசு குளிர்ந்துவிட்டது.

"அடப் பாவி, பொண்ணு வேலையப் பாக்க பெரிய மனுசங்க வர்றாங்க, நீ கழிவுத் துண்டையா குடுத்தனுப்புவ? இரு." பாயே உள்ளே போய் ஒரு நல்ல ஆட்டுத் தோலை எடுத்துவந்து கொடுத்திருக்கிறார். ஓட்டையில்லாத, மழமழவென்றிருந்த தோல்.

மண்டியில் நல்ல தோல் என்றால் என்ன? பூச்சி ஏறாத தோல். பூச்சி ஏன் ஏறாது? மருந்து அடித்திருப்பதால். கழிவுத் துண்டுக்கு யார் மருந்து அடிப்பார்கள்? முப்பது வருஷமாக அந்தக் கண்ணோடு தோலைப் பார்த்த என் வீட்டுக்காரருக்கு, தன் மகளின் வண்டுகளுக்கு அந்த நல்ல தோல்தான் விஷம் என்று தோன்றவேயில்லை. பாய்க்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று பெர்சிஸும் வண்டு வளர்க்கிற எல்லாப் பெட்டியிலும் பழையதை எடுத்துவிட்டு அந்தத் தோலையே வெட்டிப் போட்டிருக்கிறாள்.

விஷயம் தெரிந்த அன்று என் வீட்டுக்காரர் சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். "என் கையால குடுத்தேனே" என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

நான் மகளிடம் கேட்டேன். "மண்டியில வண்டுக்கா பஞ்சம்? அப்பா ஒரு டப்பா நெறய பிடிச்சுக் குடுத்துடுவாரு."

"அது எப்போ பொறந்துச்சு, எந்த மருந்தத் தின்னுச்சுன்னு யாருக்கும்மா தெரியும்? நான் ரெண்டு வருஷமா ஒரே வம்சத்த வளத்து கணக்கு எழுதி வெச்சிருக்கேன். அந்த வம்சம் போச்சு."

கூடப் படிக்கிற ஒருத்தன் அவளுக்கு யோசனை சொல்லியிருக்கிறான். "மண்டி வண்டப் போட்டு மூடி வெச்சுடு. எவன் வந்து வண்டோட பாட்டன் பேரக் கேக்கப் போறான்?" அவள் அதை என்னிடம் சொன்னாள். நான் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. மனசு அங்கே ஒரு நிமிஷம் நின்றது உண்மை. பிறகு அவளே, "முடியாதும்மா, அப்படிப் பாஸானா நான் எதக் கண்டுபிடிச்சேன்னு சொல்றது?" என்றாள்.

வியாழக்கிழமை ஜெபக்கூட்டம் எங்கள் தெருவிலேயே நடக்கும். ஒவ்வொருவரும் விண்ணப்பத்தைச் சொல்வார்கள். இத்தனை நாளும் நான், "மகள் படிப்புக்காக ஜெபிச்சுக்கோங்க" என்றுதான் சொல்லி வந்தேன். வண்டு என்று சொல்ல வெட்கம். இங்கே ஒருவருக்குப் புற்றுநோய், ஒருவர் மகனுக்கு வேலையில்லை. அதற்கு நடுவில் வண்டு செத்துவிட்டது என்று எப்படிச் சொல்வது?

அன்று எனக்குப் பொதுவாக ஜெபிக்க முடியவில்லை. முழங்காலில் நின்றதும் வாய்விட்டே வந்துவிட்டது. "ஆண்டவரே, அந்தத் தோல் வண்டுங்கள எங்களுக்குத் திரும்பக் குடும். அதே வம்சத்துல ஒரு ஜோடியாவது குடும். நீர் உண்டாக்கினதுதானே அதுவும்."

எனக்குப் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் இன்னொருவர். ஜெபம் முடிந்ததும் சுகந்தி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "ஏம்மா, தோல் வண்டு சாவணும்னு ஜெபம் பண்ற ஊர்ல நீ ஒருத்திதான் அது பொழைக்கணும்னு கேக்குற. ஆண்டவர் யார் பேச்சக் கேப்பாரு?"

முகம் சுருங்கித்தான் வீட்டுக்கு வந்தேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்றிருந்தது.

மறுநாள் கம்பெனி பஸ்ஸில் அந்தப் பேச்சுதான். சுகந்தி அக்காவும் எங்கள் கம்பெனிதான், தையல் லைனில் இருக்கிறார். நடந்ததை நடித்தே காட்டிவிட்டார். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் லைன் முழுக்கப் பரவிவிட்டது. "இன்னாக்கா, வண்டு வந்துச்சா?" என்று போகிற வருகிற பெண்களெல்லாம் கேட்டார்கள். தலையைக் குனிந்து வேலையைப் பார்த்தேன். கண்ணீர் விழுந்து ஷூவின் மேல் தோலில் கறைபடுமோ என்று முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தோம். பெர்சிஸும் வந்திருந்தாள். படிப்பை விட்டுவிட்டு அவள் வீட்டுக்கே வந்துவிடலாமா என்று பேசிக்கொண்டிருந்தோம். அவள் போன் அடித்தது. வாணியம்பாடியிலிருந்து ஷபானா. எம்எஸ்சி வகுப்பில் பெர்சிஸிடம் செய்முறை படித்த பிள்ளை. படிப்பை முடித்து அந்த வருஷம்தான் வெளியே போனவள். குரல் பயந்துபோய் இருந்தது. ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

"அக்கா, திட்டாதீங்க. என் பிராஜெக்டுக்கு ஆட்டு மண்டையோட்டுல ஒட்டின சதையத் தின்னு சுத்தம் பண்ண உங்க பெட்டியிலேர்ந்து புழு குடுத்தீங்கல்ல? முடிஞ்சதும் ஃப்ரீசர்ல வெச்சுக் கொன்னுடணும்னு சொன்னீங்க. நான் கொல்லல. மனசு வரல. வீட்டுக்கு எட்த்துனு வந்துட்டேன்."

பெர்சிஸ் எழுந்து நின்றுவிட்டாள். "இப்போ உயிரோட இருக்கா?"

"ஜாஸ்தி ஆயிடுச்சுக்கா! கருவாடு போடுறேன். எங்க அம்மி தெனம் பேஜார் பண்றாங்க, டப்பாவத் தூக்கி வெளிய எறின்னு. எங்க சித்தி உங்க அம்மா கம்பெனியிலதான் இருக்காங்க. யாரோ ஒரு அம்மா வண்டுக்காக ஜெபம் பண்ணாங்களாம்னு வீட்டுல சொல்லி சிரிச்சாங்க. அப்பதான் எனக்குத் தெரியும். உங்க வண்டு செத்துடுச்சாக்கா?"

அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். எந்தச் சிரிப்பு என்னைக் குத்தியதோ, அந்தச் சிரிப்பின் முதுகில் ஏற்றித்தான் ஆண்டவர் பதிலை அனுப்பியிருந்தார். நான் வழக்கம்போல "படிப்புக்காக" என்று சொல்லியிருந்தால், அதைப் போய் யார் யாரிடம் சொல்லிச் சிரித்திருப்பார்கள்?

அன்றே வாணியம்பாடிக்குப் போனோம். ஷபானாவின் அம்மா டப்பாவைக் கையில் கொடுத்து, "எடுத்துட்டுப் போம்மா, உனக்குப் புண்ணியமாப் போவும்!" என்று சொல்லி எங்களுக்கு டீயும் கொடுத்தார்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. ரெண்டு நாள் கழித்துப் பெர்சிஸ் போனில் சொன்னதைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. டப்பாவிலிருந்து கொஞ்சத்தை எடுத்து, அந்த விஷத் தோலிலேயே விட்டிருக்கிறாள்.

"உனக்கு புத்தி கித்தி இருக்கா? கெடச்சதே கொஞ்சம். அதையும் சாகடிக்கிறியா?"

"ஏன் செத்துச்சுன்னு குழுவுல கேப்பாங்கம்மா. தோல்தான் காரணம்னு நாம நெனைக்கிறோம். நெனைக்கிறத அங்க சொல்ல முடியாது. கொஞ்சத்த அந்தத் தோல்ல விட்டுருக்கேன், கொஞ்சத்த அப்பாவோட பழைய ஓரத் துண்டுல விட்டுருக்கேன். பாத்தாத்தான் தெரியும்."

அந்த நாட்களில் நான் பட்ட பாடு ஆண்டவருக்குத்தான் தெரியும். விஷத் தோலில் விட்டது சாகாவிட்டால் காரணம் தெரியாது. ரெண்டு பக்கமும் செத்தால் எல்லாமே போச்சு. எதற்காக ஜெபிப்பது என்றுகூடப் புரியாமல், "உண்மை எதுவோ அது தெரியட்டும்" என்று மட்டும் கேட்டேன். விஷத் தோலில் விட்டவை ஒவ்வொன்றாக மல்லாந்தன. ஓரத் துண்டில் விட்டவை நன்றாகத் தின்றுகொண்டிருந்தன.

குழு கூடிய அன்று நானும் லீவு போட்டுவிட்டு வேலூருக்குப் போனேன். துறை வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே பெர்சிஸின் குரல் கேட்டது. அப்புறம் நின்றுவிட்டது. ஒரு ஆண் குரல் மட்டும் உரக்க ஏதோ கேட்டது. அவள் பதில் சொல்கிறாளா இல்லையா என்றே தெரியவில்லை. எழுந்து கதவுப் பக்கம் போய், திரும்பவும் வந்து உட்கார்ந்தேன்.

உள்ளே நடந்ததைப் பிறகு சொன்னாள். வண்டுகள் செத்ததை முதலிலேயே சொல்லிவிட்டாளாம். வெளியிலிருந்து வந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டாராம். "எல்லாப் பெட்டியிலும் ஒரே நாளில் தீனியை மாற்றினாயா? ஒரு பெட்டியையாவது விட்டு வைக்கத் தெரியாதா? முதல் வருஷப் பிள்ளைகூடச் செய்யாத தப்பு."

"ஆமாம் சார், என் தப்புதான்" என்றாளாம். அதற்குப் பிறகு செத்த காரணத்தைச் சோதித்துப் பார்த்ததைக் காட்டினாளாம். ஷபானா வீட்டில் கருவாடு தின்று வளர்ந்த வண்டுகள் இவை என்பதையும், அங்கே பிறந்தவற்றுக்குக் கணக்கு இல்லை என்பதையும் மறைக்கவில்லை. எல்லாரும் எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தார்களாம். பெரியவர் ஒரு புழுவைக் கையில் விட்டுப் பார்த்திருக்கிறார். "மிச்சமிருந்ததிலிருந்தும் எடுத்துச் சோதிக்கத் துணிவு வேண்டும்" என்று மட்டும் சொன்னாராம்.

கதவு திறந்தது. பெர்சிஸ் வெளியே வந்தாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"இன்னாடி சொன்னாங்க? வாயத் தெறயேன்!"

"மேல செய்யச் சொல்லிட்டாங்கம்மா. பதிவு இருக்குது. இன்னொரு தலைமுறைய முதல்லேர்ந்து துறையிலயே வளத்துக் காட்டணுமாம்."

அந்த வராந்தாவிலேயே முழங்காலிட்டேன். போன பிள்ளைகள் பார்த்துக்கொண்டே போனார்கள். பார்க்கட்டும்.

இன்னும் வேலை நிறைய இருக்கிறது. கட்டுரைகள் வெளிவர வேண்டும். ஆய்வேடு எழுத வேண்டும். கடைசியில் எல்லார் முன்னாலும் வாய்மொழித் தேர்வு இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் முன்பிருந்த பயம் இப்போது இல்லை. என் வீட்டுக்காரர் மண்டியில் மருந்து படாத துண்டுகளைத் தனியாக எடுத்து வைக்கிறார். பாய் சத்தம் போட்டே கேட்கிறாராம், "இன்னாப்பா, மாப்பிள்ளைங்களுக்கு சாப்பாடு ஆச்சா?" என்று. சுகந்தி அக்கா இப்போது வியாழக்கிழமை தோறும், நான் சொல்லாமலே, வண்டுகளுக்காகவும் ஜெபிக்கிறார். சிரிக்காமல்.

பிள்ளைகளைப் பெரிய படிப்புக்கு அனுப்பிவிட்டு, அங்கே என்ன கேட்கிறார்கள் என்றே விளங்காமல் கலங்குகிற தாய்மாரே, தகப்பன்மாரே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். பிள்ளைக்கு என்ன குறை என்று அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அது பூச்சியாக இருக்கட்டும், புழுவாக இருக்கட்டும், நாக்கில் நுழையாத இங்கிலீஷ் பெயராக இருக்கட்டும், அந்தப் பெயரைச் சொல்லியே ஆண்டவரிடம் கேளுங்கள். பக்கத்தில் இருப்பவர் சிரிப்பார் என்று விழுங்கிவிடாதீர்கள். தோல் வண்டு என்று நான் சொன்னேன். அவர் கேட்டார்.